பெட்டி வைத்தோம், சீட்டு விழவில்லை
(பிள்ளைகளுக்குள் நடக்கும் கேலி, தொல்லை பற்றி மூன்று மலை ஊர் ஆசிரியர்கள் பேசிக்கொண்டது)

கூடலூர்:
இது மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டி ஹெச்.எம். அறை வாசலில் இருந்தது. ஏழாம் வகுப்புப் பையன், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை, மடித்த சீட்டோடு நின்றான். பஸ்ஸில் அவனை ‘சிலோன்காரன்’ என்று கூப்பிடும் இருவர் படியேறி வந்தார்கள். சீட்டு ஸ்வெட்டர் கைக்குள் போய்விட்டது. திரும்ப வெளியே வரவில்லை. இப்போது பெட்டி தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இருக்கிறது. அங்கே யார் எதற்கு நின்றார்கள் என்று தெரியாது.

கோத்தகிரி:
பெட்டியை நகர்த்தினால் போதாது டீச்சர். கூப்பிடுவது இருவர், சிரிப்பது பஸ் முழுக்க. அந்தச் சிரிப்பு நின்றால்தான் இது நிற்கும். அமெரிக்காவில் நியூஜெர்சியில் 2012-13ல் 56 பள்ளிகளை எடுத்து, பாதியில் மட்டும் பிள்ளைகளை வைத்தே இந்தத் தொல்லையைக் குறைக்கப் பார்த்தார்கள். மாணவர் மோதல் புகார் மற்றப் பள்ளிகளைவிட 30% குறைவு. பள்ளிக்கு 20 முதல் 32 பேரைக் குலுக்கல் முறையில் குழுவாக எடுத்தார்கள். ‘யாரோடு நேரம் கழிக்கிறாய்?’ என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டு, பத்துப் பெயர் வரை எழுத வைத்திருந்தார்கள். அதிகம் பேர் எழுதிய பிள்ளைகள் குழுவில் எவ்வளவு இருந்தார்களோ, பலனும் அவ்வளவு கூடியது. எந்தத் தொல்லையை எடுப்பது என்பதைக் குழுவே முடிவு செய்தது, போஸ்டரும் அவர்களே போட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? ஃபர்ஸ்ட் ரேங்க் பிள்ளையை லீடராக்குகிறோம். மறுநாளே அவனுக்கு ‘ஒற்றன்’ என்று பெயர்.

கொடைக்கானல்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள் சார். அங்கே நல்லது செய்த பிள்ளைக்கு ஆரஞ்சுக் கைப்பட்டை கொடுத்தார்கள். இங்கே அதைத் தொடவே கூடாது. கையில் கலர் கயிறு என்றால் நம் பள்ளிகளில் சாதி. நாங்குநேரியில் பள்ளி மாணவன் சாதியால் வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024ல் அதைத் தடுக்கத்தான் சொன்னது. கைப்பட்டைக்குப் பதில், ‘பஸ்ஸில் இடம் விட்டாள்’ என்று செய்த காரியத்தைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

இன்னொன்று, அடி, பணம் பிடுங்குவது, உடம்பைத் தொடுவது, சாதி இழுப்பது, இவை எதுவும் குழுவுக்குப் போகவே கூடாது. உடனே பெரியவர்களிடம் வர வேண்டும்; குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி ‘கை கொடு’ என்பதை இன்றோடு விடுங்கள். கை கொடுத்தவன் சாயங்காலம் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும்.

கூடலூர்:
திங்கட்கிழமை பெயர் எழுதச் சொல்கிறோம். எழுதுகிறவர் பெயரும் வேண்டுமா?

கோத்தகிரி:
வேண்டாம், வகுப்பு போதும். எண்ணி முடித்த கையோடு தாள்களைக் கிழித்துவிடுங்கள். ஸ்டாஃப் ரூம் மேஜையில் கிடந்தால், யார் பெயரை ஒருவரும் எழுதவில்லை என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும்.