அமைடு இருக்கிறது, அமிடினுக்கு என்ன சொல்?

காட்பாடி ஆசிரியை:
நண்பர்களே, தமிழ்வழி இளநிலை வேதியியல் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. ஒரு பத்தி மட்டும் இழுக்கிறது. அமைடு என்பது ஒரே கார்பனில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மம். அதில் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தால் அமிடின். ஒரே கார்பனில் இரண்டு நைட்ரஜன். ஒன்றோடு இரட்டைப் பிணைப்பு, மற்றதோடு ஒற்றை. அமைடு ஏறக்குறைய நடுநிலை, இதுவோ வலுவான காரம். ஆனால் மாணவர்கள் 'அமிடின்' என்பதை அமைடு என்றே படித்துவிட்டுப் போகிறார்கள். கண்ணில் தனியாகத் தெரியும் சொல் வேண்டும்.

ஆரணிப் புலவர்:
காரத்தன்மைதானே இதன் அடையாளம், அம்மா? 'காரவமைடு' என்க. காரம் + அமைடு. மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் வரும். 'காரமைடு' என்று எழுதினால் பிழை. இன்னும் தூய்மை வேண்டுமென்றால், அமைடு அமோனியாவின் வழி வந்தது. அமோனியாவோ எகிப்தியர் கடவுள் அமுனின் கோயிலை ஒட்டிக் கிடைத்த உப்பால் பெயர் பெற்றது என்பார்கள். அந்த உப்பு நம் சித்தர்களின் நவச்சாரம். இதில் நைட்ரஜன் இரண்டு, ஆகவே 'இருசாரம்' எனலாம்.

ராணிப்பேட்டைத் தோல் வேதியியலர்:
ஐயா, சாரமும் காரமும் வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்தவை என்று சொல்வோர் உண்டு. தூய்மை அங்கேயே போயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல்: 'காரவமைடு' என்று வகுப்பில் வேகமாகச் சொன்னால் கார்பமைடு என்று காதில் விழும். அது யூரியா. இரண்டு நைட்ரஜனைப் பெயரில் காட்டலாம் என்றால் யூரியாவிலும் அதே இரண்டுதான்.

குடியாத்தம் கால்நடை மருத்துவர்:
குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாடு சிவப்பாகச் சிறுநீர் கழித்தால் மஞ்சள் நிற மருந்துத் தூளைக் கரைத்து ஊசி போடுகிறோமே, அந்த டிமினசீனில் இரண்டு அமிடின் தொகுதிகள். உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸும் ஃபார்மமிடின் என்ற அமிடின் வகை. பொய்கைச் சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவர்கள் இந்தப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்கிறார்கள். பட்டப்படிப்பு மாணவனுக்கு மட்டும் ஏன் பயம்?

ராணிப்பேட்டை:
அப்படியானால் நெடிலாக்கி 'அமிடீன்' என்போம். அமீன், இமீன் இரண்டும் அந்த 'ஈன்' ஒலியில்தான் முடிகின்றன. இந்த மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு நைட்ரஜன் இமீன் போல, ஒற்றைப் பிணைப்பு நைட்ரஜன் அமீன் போல. புரோட்டான் இமீன் பக்கத்து நைட்ரஜனில் ஏறுகிறது. பிறகு மின்சுமை இரண்டிலும் பரவுகிறது. அதனால்தான் இத்தனை வலுவான காரம். பெயரின் வாலைப் பார்த்தே மாணவன் பாதி விடையை எழுதிவிடுவான்.

ஆரணி:
மிடி என்றால் வறுமை. 'அமிடீன்' வறுமையின்மை ஆகிவிடும். அமீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊரில் அமீனா என்றால் ஜப்திக்கு வருகிற கோர்ட்டு ஆள்.

காட்பாடி:
வறுமையின்மை நல்ல பொருள்தானே, ஐயா! இதுவரை எழுதியவர்களில் மூவர் 'அமிடீன்' பக்கம். அச்சில் அதையே போடுகிறேன். காரவமைடு அடைப்புக்குறிக்குள், ஒரே ஒரு முறை.

ஆரணி:
அடைப்புக்குறி எனக்கு வேண்டாம், மறுப்பைப் பதிவு செய்தால் போதும். புரோட்டான் ஏறிய அயனியை என்ன செய்வீர்கள்? அமிடினியமா, அமிடீனியமா? அமோனியத்தில் 'ஈ' நெடில் இல்லையே.

காட்பாடி:
அது அடுத்த பக்கத்தில்தான் வருகிறது. வியாழன் இரவு வரை நேரம் இருக்கிறது, எழுதுங்கள்.