ஐடிஐ படிக்காமல் வயரிங் வேலை பார்ப்பவருக்கு லைசென்ஸ் கிடைக்குமா? (கன்னியாகுமரி மாவட்டம்)

கருங்கல் பையன்

அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். வயது 25. பத்தாவது பாஸ், பிளஸ் ஒன் பாதியில் விட்டுவிட்டு மாமாகூட வயரிங் வேலைக்குப் போக ஆரம்பித்தேன், இப்போதும் அதுதான். கருங்கல், திங்கள்சந்தை, மார்த்தாண்டம் பக்கம் புது வீடுகள்தான் அதிகம், சில நேரம் கேரளத்தில் பாறசாலை தாண்டியும் போவோம். சுவர் வெட்டி பைப் போடுவதில் இருந்து வயர் இழுத்து டிபி (லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கட்டுவது, இன்வெர்ட்டர் லைனைத் தனியாகப் பிரிப்பது வரை யாரும் பக்கத்தில் நிற்காமல் செய்வேன். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மாமாவுக்கும் கிடையாது. வீடு முடிந்து கரண்ட் இணைப்புக்கு எழுதிப் போடும்போது லைசென்ஸ் உள்ள ஒரு காண்ட்ராக்டரிடம் காசு கொடுத்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்குவோம், அவர் அந்த வீட்டை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இப்போது கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது, பொண்ணு வீட்டில் "பையன் என்ன படிச்சிருக்கான்" என்று கேட்டால் மாமா பேச்சை மாற்றுகிறார். ஹெல்பர் பரீட்சை எழுதினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார், ஐடிஐ இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார் இன்னொருவர், காசு கொடுத்தால் நேராக லைசென்ஸே வாங்கித் தருகிறேன் என்று ஒரு புரோக்கரும் சொன்னார். எது உண்மை?

தக்கலை காண்ட்ராக்டர்

தம்பி, முதலில் புரோக்கரை விடு. அந்தக் காசுக்கு வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் நல்ல மெகர் ஒன்று வாங்கலாம்.

எல்லோரும் லைசென்ஸ் லைசென்ஸ் என்று ஒரே வார்த்தையாகச் சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று ஆளுக்குக் கொடுக்கும் தகுதிச் சான்றிதழ், அதில் மூன்று படி: மேற்பார்வையாளர் (சூப்பர்வைசர்), மின்கம்பியாள் (வயர்மேன்), மின்கம்பியாள் உதவியாளர் (ஹெல்பர்). நம் ஆட்கள் சி லைசென்ஸ், பி லைசென்ஸ் என்று சொல்வது மேலே உள்ள இரண்டை. மற்றது வேலையை எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் உரிமம், இஏ, இபி என்று கிரேடு இருப்பது அதற்குத்தான். அதை வாங்க வேண்டுமென்றால் உன்னிடம் சான்றிதழ் உள்ள சூப்பர்வைசரும் வயர்மேனும் இருக்க வேண்டும், மெகர், எர்த் டெஸ்டர் மாதிரிக் கருவிகள் சொந்தமாக இருக்க வேண்டும். கொடுப்பது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். எனவே நீ நேராகக் காண்ட்ராக்டர் ஆக முடியாது, முதலில் சான்றிதழ்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டில் பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் புது வயரிங், கூடுதல் பாயின்ட், மாற்றி அமைப்பது எல்லாமே உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நீங்கள் இப்போது செய்வது இதற்கு வெளியே இருக்கிறது. கோபப்படாதே, நம் மாவட்டத்தில் நிறையப் பேர் அப்படித்தான்.

குலசேகரம் வயர்மேன்

ஹெல்பர் பரீட்சை பற்றி நான் சொல்கிறேன், நானும் அந்த வழியில் வந்தவன்தான். முழுப் பெயர் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. ஐடிஐ வேண்டாம். 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் 5 வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், மேல் வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு வரும்போது கலெக்டர் பெயரில் பேப்பரில் செய்தி போடுவார்கள், துறையின் வெப்சைட்டிலும் இருக்கும். நமக்கு விசாரிக்க வேண்டிய இடம் நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு ஐடிஐ.

எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு. நம்மைப் போன்ற ஆட்களுக்குச் செய்முறை பயமில்லை, எழுத்துதான் கால் வாரும். ஓம் விதி, சீரியல் பேரலல் வித்தியாசம், எர்த் எதற்கு, மூன்று ஃபேஸுக்கு என்ன கலர், இதெல்லாம் தினமும் கையால் செய்கிறோம், ஆனால் எழுது என்றால் பேனா நகராது. செய்முறைக்கு மாடிப்படி விளக்கு சர்க்யூட்டை, அதாவது இரண்டு டூவே சுவிட்சை வைத்து ஒரே விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் போட்டு அணைப்பதை, படம் வரைந்து விட்டுச் செய்து பழகு. நாம் சைட்டில் படமே வரைய மாட்டோம் இல்லையா. இன்னொன்று, சுவிட்சின் திருகுக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது. விளக்கு எரிந்தாலும் அந்தக் கால் அங்குல வெறும் கம்பியைப் பார்த்தவுடனே தேர்வு எடுப்பவர் முகம் மாறும்.

முட்டம்காரன்

இதெல்லாம் வீண் வேலை மக்கா. இருபது வருடத்துக்கு மேல் வயரிங் பார்க்கிறேன், இன்றுவரை ஒரு வீட்டுக்காரர் உன் சான்றிதழ் எங்கே என்று கேட்டதில்லை. வேலை சுத்தமாக இருந்தால் வீட்டுக்காரரே அடுத்த வீட்டுக்கு நம்மைச் சொல்லி விடுவார். ஒக்கி புயல் நேரத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது ஊருக்குள் வீடு வீடாகப் போய் சரி பண்ணினது யார், காகிதம் வைத்திருந்தவனா?

தக்கலை காண்ட்ராக்டர்

அண்ணே, உங்கள் கைவேலையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஊர்ப்பக்கமே ஒரு உதாரணம் சொல்கிறேன். கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு, குளியலறையில் குழாயைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று கூப்பிட்டார்கள். ஹீட்டர் பாயின்ட்டைக் கழற்றினால் பித்தளை டெர்மினல் முழுக்க உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடக்கிறது. எர்த் வயர் பெட்டி வரை வந்திருக்கிறது, ஆனால் எதிலும் மாட்டவில்லை, நுனியைச் சுருட்டி உள்ளே திணித்துவிட்டார்கள். மெகர் வைத்தால் ஒரு மெகாஓம் காட்ட வேண்டிய இடத்தில் முள் கீழேயே படுத்துக் கிடக்கிறது. கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்சிசிபி இருக்கிறது, ஆனால் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாரோ அதைத் தாண்டி நேராகக் கொடுத்துவிட்டார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் விழ வேண்டிய சாமான் அது, அது விழுந்ததே எச்சரிக்கைதான். வேலை பார்த்தது யார் என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டில் பெயர் இருந்தவர் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. நாளைக்கு ஒரு உயிர் போனால் முதலில் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர், அடுத்து வேலை பார்த்தவர்.

கருங்கல் தம்பிக்கு நான் சொல்ல வருவதும் இதுதான். நீங்கள் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறீர்களே அந்தக் காண்ட்ராக்டர், அவரிடமே போய், அண்ணே உங்கள் ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டை நீங்கள் வந்து பாருங்கள், டெஸ்ட் பண்ணுங்கள், நான் வேலை பார்க்கிறேன் என்று கேள். அவர் வந்து பார்க்க மறுத்தால் வேறு ஆளைத் தேடு. உன் அனுபவச் சான்றும் அப்படி லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் இருந்து வந்தால்தான் கேள்வி வராது, காகிதமே இல்லாத மாமா எழுதிக் கொடுத்தால் எடுபடுவது கஷ்டம்.

குவைத் ரிட்டர்ன்

வெளிநாடு மனதில் இருந்தால் கணக்கு வேறு. பத்தாவது பாஸ் என்பதால் பாஸ்போர்ட்டில் இசிஎன்ஆர் (வெளிநாட்டு வேலைக்குக் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டாம் என்பது) கிடைத்துவிடும், அது பெரிய நிம்மதி. ஆனால் கம்பெனிக்காரன் கேட்பது ஐடிஐ சான்றிதழ். நம் ஊர் ஹெல்பர் சான்றை அங்கே காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். சவூதிக்கு எலெக்ட்ரீஷியன் விசாவில் போக இப்போது இங்கேயே திறன் சோதனை வைக்கிறார்கள். நான் இருந்த சைட்டில் ஐடிஐ படித்தவன் எலெக்ட்ரீஷியன், படிக்காதவன் என்ன வேலை தெரிந்தாலும் ஹெல்பர், சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரிதான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கோணம் மாணவி

அண்ணா, 25 வயது என்றால் ஐடிஐக்கு நேரம் கடந்துவிடவில்லை. அரசு ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. எலெக்ட்ரீஷியன் டிரேடு 2 வருடம், பத்தாவது பாஸ் வேண்டும். வயர்மேன் டிரேடும் 2 வருடம், அதற்கு எட்டாவது போதும். கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. என் வகுப்பிலேயே வயரிங் வேலைக்குப் போய்விட்டு வந்து சேர்ந்த அண்ணன்மார் இருந்தார்கள், மோட்டார் வைண்டிங்கும் ஸ்டார்ட்டர் கனெக்ஷனும் சொல்லிக் கொடுத்தபோது எங்களைவிட அவர்கள்தான் கண்ணை விரித்துக் கேட்டார்கள், ஏனென்றால் வீட்டு வயரிங்கில் அது வரவே வராது. முடித்தவுடன் அப்ரண்டிஸ் போங்கள், சும்மா இருக்காதீர்கள்.

2 வருடம் சம்பளம் போகும் என்பது உண்மைதான், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அது முடியாது என்றால் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது, அனுபவம் உள்ளவர்களுக்கு. கோணத்தில் கேட்டால் அறிவிப்பு எப்போது என்று சொல்வார்கள்.

கருங்கல் பையன்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் நான் சம்பாதிப்பதுதான், அதனால் ஹெல்பர் பரீட்சை முதலில், தனித்தேர்வர் பற்றியும் கோணம் போய்க் கேட்கிறேன். கையெழுத்துப் போடும் காண்ட்ராக்டரிடம் பேச மாமாவுக்குத்தான் கௌரவக் குறைச்சலாக இருக்கிறது, நான் தனியாகப் பேசிப் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி: தமிழ்நாட்டுச் சான்றை வைத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் வேலை எடுக்கலாமா?

குலசேகரம் வயர்மேன்

எல்லையைத் தாண்டினால் அவர்களுக்கு அவர்கள் வாரியம். கேரளத்தில் வயர்மேன் பெர்மிட் தனியாக இருக்கிறது, அந்த அரசு கொடுத்தது அல்லது ஏற்றுக்கொண்டது மட்டும்தான் அங்கே செல்லும். அங்கே லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் ஒருவர் எடுத்த வேலையில் போய் நில், சொந்தமாக எடுக்காதே.

அப்புறம், இன்னொன்று மறந்துவிட்டேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எலெக்ட்ரீஷியனும் பதியலாம், மாமாவையும் சேர்த்துப் பதிந்துவிடு.