அருவி ஓடும்போது குளத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

புதுக்குளம்:
வணக்கம். கொல்லைப்புறத்தில் நானே ஒரு குளம் வெட்டினேன். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழம், மூலைகள் வளைவாக. அடியில் பழைய கம்பளம், அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் ரப்பர் ஷீட். தோண்டிய மண்ணைத் தலைமாட்டில் குவித்து, அதிலேயே மூன்று படி எடுத்து, தனி ஷீட் விரித்துக் கல் அடுக்கி அருவி. பம்ப் மணிக்கு 3000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. நடுவில் ஒரு நல்ல மழை. அதிலிருந்து தினம் இரண்டு அங்குலம் இறங்குகிறது, கிட்டத்தட்ட பத்து வாளி. தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. ஷீட்டில் ஓட்டைதான் என்று தோன்றுகிறது. கல்லையெல்லாம் எடுத்து, தண்ணீரை இறைத்து, ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிடலாமா? மீன் இன்னும் விடவில்லை. வீட்டில் "இதுக்கு ஒரு தொட்டி வாங்கி வெச்சிருக்கலாம்" என்று தினம் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொத்துக்கரண்டி:
ஷீட்டை நம்பினா இப்படித்தான் சார். எடுக்கவே வேணாம், அது மேலேயே ஒரு கோட் சிமென்ட் பூசி விடுங்க. எங்க வீட்டுத் தண்ணித் தொட்டி ஒழுகினப்ப அப்படித்தான் செஞ்சேன், இன்னைக்கு வரைக்கும் நிக்குது.

மண்வெட்டி:
தம்பி, பூசிவிடாதீர்கள். ரப்பரில் சிமென்ட் பிடிக்காது. ஷீட் நெளியும், பூச்சு நெளியாது, ஒரே மாதத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். போதாததற்குப் புதுச் சிமென்ட்டின் சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கி பிஎச் (அமில-கார அளவு) ஏறிவிடும், மீன் தாங்காது. கரண்டிக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம், கல் கட்டடத் தொட்டிக்கு அவர் வைத்தியம் சரிதான்.

ஒரு கல்லையும் தொடுவதற்கு முன் பம்ப்பை நிறுத்துங்கள். தண்ணீர் மட்டத்தில் ஷீட்டின் மேல் ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டுங்கள். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் ஓரப் படியிலேயே உட்காரவைத்து, அதற்குள்ளும் கோடு போடுங்கள். ஒரு நாள் விடுங்கள். வாளியில் குறைவது வெயில் குடித்தது. குளமும் அதே அளவு குறைந்தால் உங்கள் குளத்து ஷீட்டில் ஓட்டையே இல்லை, திருடன் அருவியில் இருக்கிறான். வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கினால், இறங்குகிற வரை விட்டுப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அந்த மட்டத்தில் சுற்றிலும் தேடினால் போதும், அதற்குக் கீழே தேட வேண்டியதில்லை.

நான் பந்தயம் கட்டுவது அருவி மேல்தான். "தோண்டிய மண்ணைக் குவித்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே எனக்கு மணி அடித்துவிட்டது. குவித்த மண்ணைத் திமிசு போட்டு இடிக்காவிட்டால் முதல் மழைக்கு அமுங்கும். மண் அமுங்கினால் ஷீட்டின் ஓரமும் கூடவே இறங்கும். தண்ணீருக்கு அரை அங்குலப் பள்ளம் போதும், கல்லுக்குப் பின்னால் வழி கண்டுபிடித்துவிடும். என் முதல் குளத்தில் நான் ஷீட்டைப் பிரித்து, கம்பளத்தையும் வெளியே இழுத்து, இரண்டு நாள் ஓட்டை தேடினேன். ஓட்டை கிடைக்கவில்லை, இடுப்பு வலி கிடைத்தது.

தாமரைப்பித்தன்:
மண்வெட்டி ஐயா சொன்னதோடு ஒன்று. குளத்தின் ஓரத்து ஷீட்டை மண்ணுக்குள் புதைத்து மூடியிருக்கிறீர்களா? அங்கே பாசியோ புல்லோ ஏறித் தண்ணீரைத் தொட்டால், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல வெளி மண் இழுத்துக்கொண்டே இருக்கும். ஷீட்டின் நுனி கல்லுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

புதுக்குளம்:
ஐயா, முடிவைச் சொல்லிவிடுகிறேன். பம்ப் நிறுத்திய நாளில் வாளியில் நகக்கனம் குறைந்தது, குளத்திலும் அதே நகக்கனம். அடுத்த நாள் குழாயை அருவிக்கு விடாமல் நேரே குளத்துக்குள்ளேயே திருப்பி ஓட்டினேன், அப்போதும் குறையவில்லை. ஆக, குழாயும் நல்ல குழாய்தான்.

பிறகு செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, படிகளின் இரண்டு பக்கமும் ஷீட் ஓரத்துக்கு வெளியே மண்ணில் செருகிவிட்டு அருவியைத் திறந்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் காய்ந்திருக்கிறது, நடுப்படியின் இடது பக்கத்தில் மட்டும் மூன்று பட்டை கூழாகிக் கிடக்கிறது! அந்தத் தட்டைக் கல்லைப் புரட்டினேன். கீழே மண் கட்டைவிரல் ஆழம் இறங்கி, ஷீட் தொட்டில்போலத் தொங்குகிறது. தண்ணீர் கல்லில் மோதி இரண்டாகப் பிரிந்து அந்தப் பக்கமாக நடையைக் கட்டியிருக்கிறது.

ஷீட்டை மடித்துவிட்டு, ஈரமண் போட்டு மரக்கட்டையால் இடித்து, ஓரத்தை ஓடும் தண்ணீருக்கு நான்கு அங்குலம் மேலே தூக்கிவிட்டேன். இன்றோடு மூன்று நாள், ஒட்டுத்தாள் நனைந்தபடியே இருக்கிறது. ஒரே குறை, தண்ணீர் இப்போதும் கல் இடுக்கில் ஓடுகிறதே தவிர, மேலே விழ மாட்டேன் என்கிறது. பெரிய பம்ப் வாங்கவா? மீன் எப்போது விடலாம்?

மண்வெட்டி:
மூன்று பட்டை கூழ்! இந்தச் செய்தித்தாள் யோசனையை இனி நானும் எடுத்துக்கொள்கிறேன்.

பம்ப்புக்கு இப்போது பணம் போடாதீர்கள். கல்லுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைக் குளத்துக்கென்று விற்கிற கறுப்பு ஃபோம் அடித்து அடையுங்கள். மற்ற ஃபோம் வெளுத்துத் தெரியும். அதற்குப் பிறகும் மெல்லிய நூலாக விழுந்தால், அருவி வாயின் அகலத்தை அளந்து பாருங்கள். திரைபோல விழ ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மணிக்கு நூறு லிட்டராவது வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 3000 உயரமே ஏறாமல் ஓடினால் வருகிற கணக்கு, மேலே ஏற ஏறக் குறையும். வாயைக் குறுக்குவது பம்ப் மாற்றுவதைவிடச் சுலபம்.

பம்ப்பைக் குளத்தின் அடியில் வைத்திருந்தால் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நாளைக்கு அருவி மறுபடி ஒழுகினால், அடியில் இருக்கிற பம்ப் ஒரே ராத்திரியில் குளத்தையே வெளியே இறைத்துக் கொட்டிவிடும். உயரத்தில் இருந்தால் மீனுக்குக் கணுக்கால் தண்ணீராவது மிஞ்சும். மின்சாரம் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தானே போகிறது? இல்லையென்றால் அதைப் போடும்வரை குளத்தில் கை வைக்காதீர்கள்.

மீனுக்கு அவசரம் வேண்டாம். செடியை வைத்து அருவியை ஓட்டிக்கொண்டே இருங்கள். பிறகு முதலில் நான்கைந்து குட்டி மட்டும். அவற்றின் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்கிற நுண்ணுயிர் கல்லிலும் ஷீட்டிலும் படிந்து பெருக ஒன்றரை மாதம்வரை ஆகும். அதுவரை கொஞ்சமாகத் தீனி போடுங்கள்.

புதுக்குளம்:
செங்கல் வைத்தாயிற்று ஐயா. ஃபோம் நாளைக்கு. வீட்டில் அருவி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், தொட்டிப் பேச்சு இன்றைக்கு வரவில்லை.