அப்பாவுக்குப் போன்ல டாக்பேக் (திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற வசதி) போட்டுக் குடுத்தேன், ரெண்டே நாள்ல போனைத் தூக்கி வெச்சிட்டார். என்ன பண்ணலாம்?

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பாவுக்கு 63 வயசு, கரூர் பக்கம் சின்னதா மளிகைக் கடை, முப்பது வருசமா அவர்தான் கல்லாவுல. கண்ணுல க்ளாக்கோமா, அதாங்க நீர் அழுத்தம்னு சொல்லுவாங்களே அது, ஓரத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா பார்வை போயிருக்கு, அவருக்கே தெரியல, கடை வாசல்ல நிறுத்தியிருந்த சைக்கிள்ல ரெண்டு மூணு தடவை முட்டிக்கிட்டப்புறந்தான் ஆஸ்பத்திரிக்கே போனோம். போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்னு சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. வலது கண்ணு சுத்தமா இல்ல. இடது கண்ணுல குழாய்க்குள்ள இருந்து பாக்கற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சூண்டு தெரியும்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப யூடியூப் பாத்து அவர் ஆண்ட்ராய்டு போன்ல டாக்பேக் ஆன் பண்ணி விட்டுட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ஸுல கோயமுத்தூர் வந்துட்டேன். திங்கக்கிழமை காலைல அம்மா பக்கத்து வீட்டு போன்ல இருந்து கூப்பிடறாங்க, போனு பேய் புடிச்ச மாதிரி கத்துதுடா, கால் வந்தா எடுக்க முடியல, நிறுத்தவும் தெரியலன்னு. செவ்வாய்க்கிழமை அப்பா போனைக் கொண்டுபோய் அரிசி மூட்டை மேல வெச்சிட்டாராம். "எனக்கு எதுக்குடா இந்தக் கருமம், யாராச்சும் பேசுனா உங்கம்மா எடுத்துக் குடுப்பா"ன்னுட்டார். கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

இன்னும் மூணு விசயம் இருக்குங்க. ஒண்ணு, நோட்டு. நூறுன்னு நெனச்சு ஐநூறைச் சில்லறையோட சேத்துக் குடுத்திருக்கார், ஒரு தடவை இல்ல. ரெண்டு, வியாபாரிகள் சங்கத்துல வாட்ஸப்ல பிடிஎஃப் அனுப்புவாங்க, அதைத் திறந்தா டாக்பேக் தமிழே படிக்க மாட்டேங்குது, எம் கே செமிகோலன்னு ஏதோ உளறுது. மூணு, சென்சார் வெச்ச குச்சி ஒண்ணு இருக்காமே, வாங்கிக் குடுக்கலாமா?

காதுவழி (மதுரை):

நான் பொறவியிலேயே பார்வை இல்லாதவன், ஸ்கூல் வாத்தியார், இந்தப் பதிலையும் டாக்பேக் வெச்சுதான் அடிக்கிறேன். கோவிச்சுக்காதீங்க தம்பி, தப்பு உங்க மேலதான். முப்பது வருசம் ஒரு மாதிரி பழகுன கையில ராத்திரியோட ராத்திரியா வேற மாதிரி வேலை செய்யிற சாமானைக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டீங்க. டாக்பேக் போட்டா ஒரு தட்டு தட்டுனா திறக்காது, பேரு மட்டும் சொல்லும், ரெண்டு தட்டு தட்டுனாதான் திறக்கும். ஒரு விரல்ல தள்ளுனா பக்கம் நகராது, ரெண்டு விரல்ல தள்ளணும். இதை யாருமே சொல்லலைன்னா எந்த மனுசனும் அரிசி மூட்டை மேலதான் வைப்பான்.

மொதல்ல நீங்க கத்துக்கங்க. கண்ணைத் துண்டால கட்டிக்கிட்டு, உங்க போன்ல டாக்பேக் போட்டு, பொண்டாட்டியையோ ஃப்ரெண்டையோ கால் பண்ணச் சொல்லி எடுத்துப் பாருங்க. அன்னைக்குத்தான் உங்க அப்பாவோட திங்கக்கிழமை உங்களுக்குப் புரியும்.

அப்புறம் அவருக்கு. மொத வாரம் ஒரே ஒரு பாடந்தான், வர்ற காலை எடுக்கிறது, கட் பண்றது. இப்ப வர்ற டாக்பேக்ல திரையில எங்க வேணா ரெண்டு விரலை வெச்சு டபுள் டேப் அடிச்சா கால் எடுக்கும், அதே மாதிரி அடிச்சா கட் ஆகும், பச்சை பட்டன் எங்க இருக்குன்னு தேடவே வேணாம். பேசிக்கிட்டே இருக்கிறதை நிறுத்த ரெண்டு விரல்ல ஒரு தட்டு. பேட்டர்ன் லாக் போட்டிருந்தா தூக்கிருங்க, காதுல கேட்டு கோடு போடுறது எங்களுக்கே எரிச்சலான வேலை, கைரேகை வெச்சிருங்க. வேகத்தைக் குறைச்சு வைங்க. குரல் தமிழ்ல இருக்கான்னு பாருங்க, பல போன்ல இங்கிலீஷ் குரலை அப்படியே விட்டுட்டா தமிழ் எழுத்து வர்ற இடத்துல கம்முனு தாண்டிப் போயிடும். கூகுளோட பேச்சு ஆப்ல தமிழ்க் குரலை டவுன்லோடு பண்ணி வெச்சுட்டா நெட் இல்லாட்டியும் பேசும்.

அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க. வால்யூம் பட்டன் ரெண்டையும் சேத்து மூணு செகண்டு அமுக்கிப் பிடிச்சா டாக்பேக் நிக்கும், மறுபடி அமுக்குனா வரும். செட்டிங்ஸ்ல அந்த ஷார்ட்கட்டை ஆன் பண்ணி வெக்கணும், மறந்துராதீங்க. நிறுத்தத் தெரிஞ்சாத்தான் பயம் போகும்.

இன்னொண்ணு, மிச்சப் பார்வை இருக்குன்னு எழுத்தைப் பெருசு பெருசா வெச்சுக் குடுப்பாங்க எல்லாரும். குழாய்ப் பார்வைக்காரங்களுக்கு அது பல நேரம் உல்டா, ஏன்னா எழுத்து பெருசாகப் பெருசாக அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள ஒரு எழுத்துதான் அடங்கும். அளவை ஓரளவுக்கு விட்டுட்டு கருப்புப் பின்னணியில வெள்ளை எழுத்து வெச்சுப் பாருங்க.

கல்லாப்பெட்டி:

பேங்க்ல காசாளரா இருந்து ரிடையர் ஆனவன், கடைசி நாலு வருசம் எனக்கும் பார்வை மங்கல்தான், அதனால நோட்டு விசயத்தை மட்டும் நான் சொல்றேன்.

உங்க அப்பா ஏமாறுறது அவர் தப்பு இல்ல சார். பழைய நோட்டெல்லாம் நீளத்துலயே ஒண்ணுக்கொண்ணு நல்லா வித்தியாசம் இருக்கும், பழைய ஐநூறு 167 மில்லிமீட்டர், பழைய நூறு 157. இப்ப இருக்கிற வரிசையில 50, 100, 200, 500 நாலுக்கும் உயரம் ஒண்ணுதான், 66 மில்லிமீட்டர். நீளம் மட்டும் 135, 142, 146, 150. அதாவது நூறுக்கும் இருநூறுக்கும் நாலு மில்லிமீட்டர், இருநூறுக்கும் ஐநூறுக்கும் இன்னொரு நாலு. கூட்டம் நிக்கிற நேரத்துல இதை விரல்ல எவன் அளப்பான்?

ஒரு கெட்டி அட்டையை எடுத்து, நோட்டை இடது ஓரத்துல ஒட்ட வெச்சா நூறு முடியிற இடத்துல ஒரு வெட்டு, இருநூறுக்கு ஒரு வெட்டு, ஐநூறுக்கு ஒண்ணுன்னு போட்டுக் குடுங்க. கல்லாவுலயே அதை ஒட்டிருங்க. நோட்டை வெச்சதும் கட்டைவிரல் எந்த வெட்டுல இடிக்குதோ அதான் தொகை. ஒரு வாரம் பழகுனா போதும். ஓரத்துல மேடா சாய்வுக் கோடு இருக்கும், நூறுல நாலு, இருநூறுல நாலு கோட்டுக்கு நடுவுல ரெண்டு வட்டம், ஐநூறுல அஞ்சு. புது நோட்டுல தடவுனா தெரியும், சந்தைக்குப் போய் வந்த நோட்டுல தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ரிசர்வ் பேங்க் 2020 ஜனவரியில மணின்னு ஒரு ஆப் விட்டாங்க, கேமராவுல நோட்டைக் காட்டுனா சொல்லும், நெட் வேணாம், சத்தம் வேண்டாம்னா அதிர்வுலயும் சொல்லும். வீட்டுல ராத்திரி கணக்குப் பாக்க நல்லா இருக்கும், கடையில ஆள் நிக்கும்போது ஒவ்வொரு நோட்டா போன்ல காட்ட முடியாது.

கியூஆர் ஸ்பீக்கர் பாக்ஸ் வெச்சிருக்காரா? இல்லைன்னா மொதல்ல அதை வைங்க. பணம் வந்தா தொகையைத் தமிழ்லயே சத்தமா சொல்லும். எங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னு யோசிச்சுப் பண்ணுனதே இல்ல அது, ஆனா எங்களுக்கு அதை மாதிரி உதவுனது வேற ஒண்ணும் இல்ல. திரையைக் காட்டி அனுப்பிட்டேன்னு பொய் சொல்ற ஆளுகிட்டயும் ஏமாற வேணாம்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):

உங்கட அப்பாவின்ர போன்ல பிழை ஒண்டும் இல்லை, பிழை அந்த பிடிஎஃப்லதான். எம் கே செமிகோலன் எண்டு வாசிக்குதெண்டா அது பாமினி எழுத்துரு. அதில "அம்மா" எண்டு அடிக்கிறதுக்கு விசைப்பலகையில எம், கே, செமிகோலன், கே, ஹெச் எண்டு ஆங்கில எழுத்தைத்தான் அடிப்பினம், எழுத்துருதான் அதுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். கண் தெரியிறவைக்கு அம்மா. கணினிக்கு அது எம் கே செமிகோலன்தான், திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி வாசிக்குது, பாவம். இஞ்ச எங்கட பக்கம் இன்னும் கனபேர் பாமினியிலதான் தட்டச்சு செய்யினம், எங்கட நூலகத்தில பார்வையற்ற பெடியன் ஒருத்தனுக்கு வினாத்தாள் இப்பிடி வந்து அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

உடனடி வழி, அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து கூகுள் லென்ஸில போட்டால் படத்தில இருந்து தமிழை யூனிகோடா, அதாவது கணினிக்கும் தமிழெண்டே விளங்கிற எழுத்தா, எடுத்துத் தரும், அதை வாசிக்கும். நிரந்தர வழி, சங்கத்தில தட்டச்சு செய்யிற ஆளோட கதையுங்கோ. யூனிகோட்டில அடிச்சு வாட்ஸப்பில வெறும் எழுத்தா அனுப்பச் சொல்லுங்கோ. ஸ்கான் பண்ணின படத்தையும் பிடிஎஃப் எண்டு அனுப்புவினம், அதுக்குள்ள எழுத்தே இராது, அதுவும் வேண்டாம்.

கலெக்டராபீஸ்நடந்தவ:

என் வீட்டுக்காரருக்கு ஆர்பி (ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாங்கிற விழித்திரை நோய்), அவருக்கும் குழாய்ப் பார்வைதான், அதனால இது எனக்கு அத்துப்படி. யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்தீங்களா? நிறைய பேர் நேரா எழுத்துப் பலகையைப் படிக்க முடியுதேன்னு போகவே மாட்டாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பார்வைக் கூர்மை மட்டும் இல்ல, பார்வைப் பரப்பும் கணக்கு. நல்ல கண்ணுல பரப்பு 10 டிகிரிக்கும் கீழ போயிருந்தா பார்வையின்மை, 10ல இருந்து 40க்குள்ள இருந்தா குறைப்பார்வை. அதனால மெடிக்கல் போர்டுக்குப் போறப்ப அந்தப் பரப்பை அளக்குற ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. அது இல்லாம போய் நாங்க ஒரு நாள் முழுக்க உக்காந்துட்டு திரும்பி வந்தோம். பாதிப்பு சதவீதம் 40, இல்ல அதுக்கு மேல வந்தாத்தான் பல சலுகை கிடைக்கும்.

அடுத்த தொல்லை பேங்க் ஆப். கேஒய்சி புதுப்பிக்கணும்னு ஒரு பேங்க்ல வீடியோ கால்ல கண்ணைச் சிமிட்டுங்கன்னாங்க, முகத்தை வட்டத்துக்குள்ள வைங்கன்னாங்க, வட்டம் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது, நான் பக்கத்துல இருந்து தலையைப் பிடிச்சுத் திருப்புனா வேற ஆள் இருக்கக் கூடாதுன்னு கட் பண்ணிட்டாங்க. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டே இதுல தீர்ப்பு சொல்லியிருக்கு, ஆசிட் வீச்சுல முகம் பாதிச்சவங்களும் பார்வை இல்லாதவங்களும் போட்ட வழக்கு, கண் சிமிட்டுறது மட்டுமே வழின்னு இருக்கக் கூடாது, மாத்து வழி வேணும்னு. கிளைக்குப் போறப்ப அந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்க, நாங்க சொன்னப்புறம் நேர்லயே கையெழுத்து வாங்கி முடிச்சுட்டாங்க.

அப்புறம் நீங்க, உங்க அண்ணன் தங்கச்சி இருந்தா அவங்க, எல்லாரும் போய் கண் பிரஷர் பாத்துக்குங்க. க்ளாக்கோமா குடும்பத்துல வர்றது.

காதுவழி (மதுரை):

குச்சியைப் பத்திச் சொல்ல விட்டுட்டேன். சென்சார் குச்சின்னு நீங்க சொல்றது ஐஐடி டெல்லியில பண்ணுன ஸ்மார்ட்கேன் மாதிரின்னு நெனைக்கிறேன். அது குச்சிக்கு மேல மாட்டுற கருவி, முழங்காலுக்கு மேல இருக்கிறதை, லாரியோட பின்பக்கம், தாழ்ந்த கிளை, இந்த மாதிரி வெள்ளைக்குச்சி தொடாததை அதிர்வுல சொல்லும். நல்ல சாமான்தான். ஆனா குழி, படி, சாக்கடை எல்லாத்தையும் சொல்றது கீழ தட்டுற சாதா குச்சிதான். மடக்குற வெள்ளைக்குச்சி மொதல்ல, அதுவும் நெஞ்செலும்பு உயரத்துக்குப் பாத்து வாங்குங்க, இடது கால் முன்னால போறப்ப குச்சி வலது பக்கம் தட்டணும், இதை யாராச்சும் கூட நடந்து சொல்லித் தரணும். சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல நிப்மெட்னு மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு, அவங்களைக் கேட்டா கிட்டத்துல யாருகிட்ட போகலாம்னு சொல்லுவாங்க.

வெளியில குச்சி எடுக்க வெக்கப்படுவார். எல்லாரும் படுவாங்க. கடைக்குள்ளயே ஆரம்பிங்க.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன். காதுவழி சார், திட்டுனது சரிதானுங்க, கண்ணைக் கட்டிட்டு முயற்சி பண்ணேன், எட்டு தடவை கால் கட் ஆச்சு, பாத்துட்டு இருந்த பாப்பா விழுந்து விழுந்து சிரிச்சுது.

நாலு நாள் லீவு போட்டு ஊர்ல இருந்தேன். கால் எடுக்கற பாடம் மட்டும் நடத்துனேன். மூணாவது நாள் சாயங்காலம் நான் மாடியில இருந்து கூப்பிட, அவரே எடுத்து "சொல்லுடா"ன்னார், நான் ஒண்ணும் பேசல, தொண்டை அடைச்சுக்கிச்சு, அவர் "சிக்னல் இல்ல போல"ன்னு கட் பண்ணிட்டார். கட் பண்றதும் சரியா வந்துருச்சுன்னு வெச்சுக்கங்க.

எதிர்பாக்காத ஒரு தொல்லை, காண்டாக்ட் பேரெல்லாம் நான் இங்கிலீஷ்ல அடிச்சு வெச்சிருந்தேன். தமிழ்க் குரல் அதைப் படிக்கறப்ப முட்டைக்காரர் யாரு, அரிசி மண்டி யாருன்னே அவருக்கு விளங்கல. 140 பேரையும் ராத்திரி உக்காந்து தமிழ்ல மாத்துனேன். மண்டிக்காரங்களுக்கு அப்பாவே பேரு சொன்னார், "கடன் தர மாட்டான்"னு ஒருத்தருக்கு வெக்கச் சொல்லிட்டார்.

அட்டை ஒட்டியாச்சு, ஸ்பீக்கர் பாக்ஸும் வந்துருச்சு. அது தொகை சொன்னதும் இவர் கல்லாவுல இருந்து "சரி, சரி"ன்னு பதில் சொல்றாராம், அம்மா சொல்றாங்க. சங்கத்துச் செயலாளர்கிட்ட பாமினி கதை சொன்னேன், எழுத்தா அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டார், ஆனா இது வரைக்கும் பிடிஎஃப்தான் வருது. குச்சி வாங்கி வெச்சிருக்கேன், தொடல. அது கதவுக்குப் பின்னால நிக்குது.

இப்ப ஒரே கேள்விங்க, குரல் மெதுவா இருக்கு, வேகமா வைடான்னு அப்பாவே கேக்கறார். ஏத்தலாமா?

காதுவழி (மதுரை):

தாராளமா. ஆனா நீங்க ஏத்தாதீங்க, எப்படி ஏத்துறதுன்னு அவருக்குச் சொல்லிக் குடுங்க. மூணு விரலை மேலயோ கீழயோ தள்ளுனா ஒவ்வொரு அமைப்பா வரும், பேச்சு வேகம் வந்ததும் ஒரு விரலை மேல தள்ளுனா ஏறும், கீழ தள்ளுனா இறங்கும். சில போன்ல பட்டியல்ல இருக்காது, டாக்பேக் செட்டிங்ஸ்ல போய் டிக் பண்ணி விடுங்க.

குச்சி கதவுக்குப் பின்னாலயே நிக்கட்டும். என்னோடது ஒரு வருசம் நின்னுச்சு.