பைப்பா, குழாயா? கரீபியன் பிள்ளைகளுக்கு வைத்த ஐக்யூ தேர்வு

ஈஸ்ட்ஹாம்வாசி: நேற்று இன்னொரு திரியில் வாத்தியார் போகிற போக்கில் ஒன்றை வீசிவிட்டுப் போயிருக்கிறார். மேற்கிந்தியக் குடும்பங்களுக்கென்று தனி கவுன்சலிங், தனி மதிப்பீடு என்பதெல்லாம் செல்லம் கொடுக்கிற வேலையாம். "தேர்வுக்கு ஏது நிறம்?" என்று கேள்வி வேறு. 1960களில் லண்டனில் ஜமைக்கா, பார்படாஸ் பிள்ளைகளை இந்த ஐக்யூ தேர்வை வைத்துத்தான் 'சப்நார்மல்', அதாவது புத்தி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தி, அப்படிப்பட்டவர்களுக்கென்று இருந்த தனிப்பள்ளிக்குத் தள்ளினார்கள். கிரெனடா என்ற கரீபியன் தீவுக்காரர் பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூல் எழுதி இதைப் போட்டு உடைத்தார். தண்ணீர் வருகிற டேப்புக்கு ஜமைக்காவில் பெயர் பைப். டேப் என்று கேட்டால் பிள்ளை விழிக்கத்தான் செய்யும். இதில் புத்தியை எங்கே அளந்தார்கள்?

வாத்தியார்: 31 வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன். இங்கிலாந்துக்கு வந்தால் இங்கிலாந்து ஆங்கிலம் வேண்டும். டேப் தெரியாவிட்டால் டேப் சொல்லிக் கொடுங்கள். முடிந்தது.

நிலா: சொல்லிக் கொடுக்காமல் தனிப்பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பதுதானே ஐயா புகாரே? நான் இங்கே குடும்ப ஆலோசனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பையன் ஒன்பது வயது வரை ஜமைக்காவில் பாட்டியிடம் வளர்ந்தவன். அம்மா இங்கிருந்து பீப்பாயில் அரிசி, சோப்பு, ஷூ எல்லாம் அனுப்புவாராம். ஷூ போய்ச் சேர்வதற்குள் கால் வளர்ந்திருக்கும். அவனிடம் பேசினால் தரையைத்தான் பார்ப்பான். பெரியவர்கள் கண்டிக்கும்போது கண்ணைப் பார்ப்பது திமிர் என்று வளர்த்திருக்கிறார்கள். பள்ளி அறிக்கையில் எழுதியிருந்தது: "ஈடுபாடு இல்லை."

வாத்தியார்: வேலை பார்க்கிற இடத்துக் கதையைப் பொதுவில் போடலாமா? அதற்கு உங்கள் தொழிலில் தர்மம் இல்லையோ?

நிலா: பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. பதில் இல்லாதபோது தர்மம் நினைவுக்கு வருகிறது.

மதுரைக்காரன்: அந்த 31 வருடம் லண்டன் வகுப்பறையிலா சார்?

வாத்தியார்: தூத்துக்குடியில். கணக்கு எல்லா ஊரிலும் கணக்குதான்.

மதுரைக்காரன்: சரி, உங்கள் வீட்டில் டேப்பை என்னவென்று சொல்வீர்கள்? எங்கள் தெருவில் "பைப்பை மூடு"தான்.

வாத்தியார்: குழாய். எப்போதும் குழாய்.

மதுரைக்காரன்: மார்ச்சில் அபார்ட்மெண்ட் திரியில் "பைப்பில் மூன்று நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை" என்று புலம்பியது யார்? பக்கம் 4.

வாத்தியார்: அது வேறு சூழல். அங்கே பைப் என்றால் லைன். இதையெல்லாம் தோண்டி எடுக்கிறவர் போன பொங்கலுக்கு என்னிடம் வாங்கிய சூடு ஆறவில்லை என்று தெரிகிறது. அப்புறம், நீங்கள் கொண்டாடும் கோர்ட் யார்? 1983இல் கிரெனடா பிரதமர் மாரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவர். நல்ல சாட்சி!

ஈஸ்ட்ஹாம்வாசி: நூல் வந்தது 1971. அவர் ஜெயிலுக்குப் போனதும் ஜமைக்காவில் பைப் டேப் ஆகிவிட்டதா?

ஸ்கார்பரோ தம்பி: கனடாவில இன்னொரு கூத்து. 1955 தொடக்கம் வீட்டு வேலைக்கு ஜமைக்கா, பார்படாஸ் பெண்களை எடுத்தாங்கள். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளையும் இருக்கக் கூடாது. பிள்ளை இருக்கிறதை மறைச்சதெண்டு 70களில ஏழு ஜமைக்கா தாய்மாரை நாடு கடத்தப் பார்த்து, 1979இலதான் விட்டவை. அப்படிப்பட்ட ஊரில ஒரு ஆலோசகர் போய் "உங்களுக்கு எத்தனை பிள்ளை?" எண்டு படிவத்தோட கேட்டா, அந்த அம்மா வாய் திறப்பாவா?

வாத்தியார்: பொய் பொய்தானே? முதலில் எழுத்துத் தமிழில் எழுதுங்கள் தம்பி, அப்புறம் கனடாவைத் திருத்தலாம்.

ஸ்கார்பரோ தம்பி: ஜமைக்காப் பிள்ளைக்கு நடந்ததை இப்ப எனக்கே செய்து காட்டுறியள் ஐயா. நன்றி. எங்கட வீட்டில கிணறு. பைப்பும் இல்லை, டேப்பும் இல்லை.

நிலா: படிவத்தைப் பற்றி யாராவது பேசப் போகிறீர்களா? "பிள்ளையை வளர்த்தவர்" என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் கட்டம் இருக்கிறது. பாட்டியை எங்கே எழுதுவது?

வாத்தியார்: கட்டம் சிறியது என்றால் சிறிய எழுத்தில் எழுதுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. டேப் என்ற ஒரு சொல்லைக் கற்க எத்தனை நாள் ஆகும்?

மதுரைக்காரன்: குழாய் என்று எழுத உங்களுக்கு மார்ச்சிலிருந்து ஆகியிருக்கிறது சார்.

வாத்தியார்: பக்கம் 4ஐத் திருத்திவிட்டேன். இப்போது போய்ப் பாருங்கள்.

மதுரைக்காரன்: ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.