புதுப்பிப்பு: புரோஸ்டேட் திசுவில் பச்சைப் பின்னொளி, 647 சாயத்தால் தீர்ந்தது

ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபினில் பதித்த புரோஸ்டேட் திசுச் சீவல்களில் ஏஎம்ஏசிஆர் புரதத்தை (புரோஸ்டேட் புற்றுநோயில் மிகுவது), 488 நானோமீட்டர் ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும் சாயம் கோத்த ஆன்டிபாடியால் (புரதத்தில் ஒட்டும் மூலக்கூறு) அளக்க முயன்றபோது, ஆன்டிபாடி இடாத சீவலும் பச்சையாக ஒளிர்வதேன் என்று கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

வயதான செல்களில் சேர்ந்து தானே ஒளிரும் நிறமியான லிப்போஃபுசின்தான் காரணம் என்ற ஊகம் சரியே; சாயமிடாத சீவலில் அதே துகள்கள் பச்சை, சிவப்பு இரு வடிகட்டிகளிலும் ஒரே இடத்தில் தெரிந்தன. 70% எத்தனாலில் கரைத்த 0.1% சூடான் பிளாக் பி (கொழுப்பில் ஒட்டும் கருஞ்சாயம்) இந்தப் பின்னொளியைத் தணித்தாலும், மங்கலான சுரப்பிகளை அளக்க அது போதவில்லை. கைகொடுத்தது, லிப்போஃபுசின் குறைவாக ஒளிரும் தொலைசிவப்பில் ஒளிர்கிற 647 நானோமீட்டர் சாயத்துக்கு மாறும் யோசனைதான்.

எதிர்பாராதது ஒன்று: சூடான் பிளாக், 647 சாயம் இரண்டையும் சேர்த்தால் இன்னும் தெளிவாகும் என்றெண்ணிச் செய்தபோது, சூடான் பிளாக்கே தொலைசிவப்பில் ஒளிர்ந்து பின்னொளியைக் கூட்டிவிட்டது. மேலும், 647 சாயத்தின் தொலைசிவப்பு ஒளி கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. கேமராவில் பார்க்காமலே, சாயம் ஒட்டவில்லை என்று ஒரு நல்ல சீவலை எறிந்துவிட்டேன்.