மறு: பெர்பெச்சுவல் காலண்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இயந்திரக் கைக்கடிகாரங்களில் வரும் நாட்காட்டி வகைகளுக்குப் பெயர் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். லீப் ஆண்டுப் பிப்ரவரி உட்பட மாத நாட்களைத் தானே கணக்கிட்டுத் தேதி மாற்றும் பெர்பெச்சுவல் காலண்டருக்கு ‘நிரந்தர நாட்காட்டி’, ‘நித்திய நாட்காட்டி’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, என் சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டு சேமித்து ஒரு மே மாதத்தில் ஆனுவல் காலண்டர் கடிகாரம் ஒன்று வாங்கினேன். விற்றவர், “ஆண்டு முழுவதுக்குமான நாட்காட்டி, தேதியை நீங்கள் தொடவே வேண்டாம்” என்றார். ஜூன், செப்டம்பர், நவம்பர் மூன்றிலும் 30 முடிந்ததும் தானாகவே 1-க்குத் தாவியது. பார்க்கப் பார்க்க மகிழ்ச்சி. அடுத்த மார்ச் 1 காலையில் பார்த்தால் 29 என்று நிற்கிறது! பதறிப்போய்ப் பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, “இதில் குறை ஒன்றும் இல்லை. இதற்குப் பிப்ரவரி தெரியாது, அவ்வளவுதான்” என்றார்.

அந்தத் ‘தெரியாது’ என்ற சொல்லில்தான் நமக்கு வேண்டிய விடை இருக்கிறது என்று நம்புகிறேன். இந்தக் கடிகாரங்கள் வெளியே காட்டுவதை வைத்துப் பெயரிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். கிழமை, தேதி, மாதம் மூன்றையும் காட்டும் கம்ப்ளீட் காலண்டரும் பெர்பெச்சுவலும் முகப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முன்னது எல்லா மாதத்துக்கும் 31 நாள் என்றே ஓடும். ஆண்டுக்கு ஐந்து முறை நாம்தான் திருத்த வேண்டும். அது எல்லாம் காட்டும், ஒன்றும் அறியாது. அதை ‘முழு நாட்காட்டி’ என்று சொல்லிவிடலாம். அறியும் கடிகாரங்களுக்கு ‘அறி’ என்ற ஈற்றைக் கொடுப்போம்.

ஆனுவல் காலண்டர்: மாதமறி. 30 நாள் மாதம் எது, 31 நாள் மாதம் எது என்று இதற்குத் தெரியும். பிப்ரவரியையும் 30 நாள் மாதமாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை, பிப்ரவரி முடிவில் திருத்த வேண்டும். சுவிஸ் நிறுவனமான படேக் பிலிப் 1996-இல் 5035 என்ற கடிகாரத்தில் கொண்டுவந்த வகை இது. ‘ஆண்டு நாட்காட்டி’ என்று நேராகப் பெயர்த்தால் படிப்பவருக்கு என்ன புரியும்? எல்லா நாட்காட்டியும் ஆண்டு நாட்காட்டிதானே.

பெர்பெச்சுவல் காலண்டர்: நெட்டாண்டறி. நெட்டாண்டு என்பது 366 நாள் வரும் லீப் ஆண்டு. பிப்ரவரி மட்டுமல்லாமல், எந்த ஆண்டில் அதற்கு 29 நாள் என்பதும் இதற்குத் தெரியும். எப்படித் தெரிகிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் ‘அறி’ எவ்வளவு பொருத்தம் என்று விளங்கும். உள்ளே நான்கு ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் சக்கரம் ஒன்று உண்டு. அதன் விளிம்பில் 48 மாதங்களுக்கும் இடம் இருக்கிறது. 31 நாள் மாதத்துக்கு விளிம்பு மேடாக இருக்கும். 30 நாளுக்குச் சிறு பள்ளம். 28 நாள் பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். 29 நாள் பிப்ரவரிக்கு அதைவிடச் சற்றே ஆழம் குறைவு. ஒரு நெம்புகோலின் மூக்கு அந்த விளிம்பைத் தடவிப் பார்க்கிறது. பள்ளத்தில் எவ்வளவு இறங்குகிறதோ, மாதக் கடைசியில் தேதி அவ்வளவு நாள் கூடுதலாகத் தாவும். சில கடிகாரங்களில் 12 மாதச் சக்கரமே இருக்கும். பிப்ரவரிக்கு மட்டும் அதன் மேல் ஒரு குட்டிச் சக்கரம் சுழலும். எப்படியானாலும் வேலை இதுதான்: தொட்டு அறிவது. கண் தெரியாதவர் விரலால் எழுத்தைப் படிப்பது போல, இந்த நெம்புகோல் மாதத்தைப் படிக்கிறது. இதற்கு மின்கலமோ கணினிச் சில்லோ தேவையில்லை என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

> ‘நிரந்தர’ என்பது மூலச்சொல்லின் பொருள்தானே, அதில் என்ன தவறு?

மூலச்சொல்லே உண்மையைச் சற்று மிகைப்படுத்துகிறது. நான்கால் வகுபடும் எல்லா ஆண்டும் நெட்டாண்டு என்றே இந்தக் கடிகாரம் அறியும். 1582-இல் வந்த கிரிகோரியன் நாட்காட்டியில் நூற்றாண்டுகளுக்குத் தனி விதி உண்டு: 400-ஆல் வகுபட்டால்தான் நெட்டாண்டு. 2000 நெட்டாண்டு, 2100 அப்படியில்லை. ஆகவே 2100 பிப்ரவரி 28-க்கு மறுநாள் இவை 29 காட்டும், யாராவது கையால் திருத்த வேண்டும். நாம் புதிதாகச் சொல் செய்யும்போது அந்தப் பிழையையும் ஏன் சுமக்க வேண்டும்?

அந்த நூற்றாண்டு விதியும் தெரிந்த அரிய கடிகாரங்கள் சில உண்டு. அவற்றை நூற்றாண்டறி என்று சொல்லலாம். படேக் பிலிப்பின் 1989 ஆம் ஆண்டு கேலிபர் 89 என்ற பைக்கடிகாரம் அவற்றுள் ஒன்று. 2024-இல் ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் வெளியிட்ட கைக்கடிகாரத்தில் 400 ஆண்டுக்கு ஒரு சுற்று வரும் சக்கரமே இருக்கிறது. மாதமறி, நெட்டாண்டறி, நூற்றாண்டறி என்று வரிசையாகச் சொன்னாலே ஒன்றைவிட அடுத்தது எவ்வளவு கூடுதலாக அறிகிறது என்று புதிதாகச் சேகரிக்க வருபவருக்கும் புரிந்துவிடும். நிலவின் பிறை தெரியும் வட்டத்துக்கு அறி வேண்டாம், அது காட்டுவதோடு சரி. ‘பிறைகாட்டி’ போதும்.

> கம்ப்ளிகேஷன் = சிக்கல்

இதைக் கைவிட வேண்டுகிறேன். ‘மூன்று சிக்கல் உள்ள கடிகாரம்’ என்று எழுதினால் யார் வாங்குவார்? மணி, நிமிடம், நொடிக்கு மேல் ஒரு கடிகாரம் செய்யும் எந்த வேலையும் கம்ப்ளிகேஷன்தான். ‘கூடுபணி’ என்று முதலில் எண்ணினேன். ஆனால் கடிகாரத்தின் உறையையும் கூடு என்கிறோம், குழம்பும். ‘மேலமைவு’ சரிவரும் என்று தோன்றுகிறது. பல கடிகாரங்களில் நாட்காட்டிப் பகுதி அடிப்படை இயக்கத்தின் மேல், முகப்புத் தட்டுக்குக் கீழே தனி அடுக்காகவே உட்காருகிறது. இதைவிட நல்ல சொல் வந்தால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வேன்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலான நாட்காட்டிக் கடிகாரங்களில் இரவு சுமார் 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதியைக் கையால் திருத்தக் கூடாது. அந்நேரம் தேதி மாற்றும் பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். வலிந்து தள்ளினால் முறியும். கடிகாரம் வாங்குபவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஆனால் இழையில் இதற்கு யாரும் இன்னும் சொல் தரவில்லை. ‘தொடாநேரம்’ என்று வைக்கலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்